ஏர் பிடித்தவர்களும் துடுப்பு வலித்தவர்களும்: ஸ்பார்ட்டாவும் ஏதென்ஸும்

பழைய கிரேக்க நகர அரசான ஸ்பார்ட்டாவில் ஆண்டுதோறும் ஐந்து பேரை எஃபோர்கள் என்னும் உயர் அதிகாரிகளாகத் தேர்ந்தெடுப்பார்கள். பதவியேற்ற கையோடு அவர்கள் செய்யும் காரியங்களில் ஒன்று போர் அறிவிப்பது. யார் மீது என்றால், தங்கள் வயலை உழுது தங்களுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்த ஹெலட்டுகள் மீது. அரிஸ்டாட்டில் சொன்னதாகப் புளூட்டார்க் எழுதிவைத்த செய்தி இது. முறைப்படி போர் அறிவித்துவிட்டால் ஹெலட்டைக் கொல்வது கொலையாகாது, கொன்றவன் மீது தெய்வக் குற்றமும் சேராது. ஒரு நாடு தன் உழவர்கள் மீதே வருடா வருடம் போர் தொடுக்கிறது என்றால், அந்த நாட்டின் மற்ற ஏற்பாடுகளையும் அந்த இடத்திலிருந்துதான் பார்க்கத் தொடங்க வேண்டும்.

ஏதென்ஸ் என்றால் ஜனநாயகம், கலை, தத்துவம்; ஸ்பார்ட்டா என்றால் ராணுவம், கட்டுப்பாடு, பத்தியச் சாப்பாடு. பள்ளியில் நாம் படித்தது ஏறக்குறைய இவ்வளவுதான். தவறென்று சொல்ல முடியாது. ஆனால் ஒரே மொழி பேசி, ஒரே தெய்வங்களைக் கும்பிட்டு, ஒலிம்பியாவில் ஒரே மைதானத்தில் ஓடிய இரண்டு ஊர்கள் ஏன் இப்படி எதிரெதிர்த் திசையில் போயின? ஏதென்ஸ்காரர்கள் சுதந்திர விரும்பிகள், ஸ்பார்ட்டாக்காரர்கள் முரடர்கள் என்று குணத்தைக் காரணம் காட்டுவது சோம்பேறித்தனம். ஸ்பார்ட்டாவில் ஏர் பிடித்தது யார், ஏதென்ஸில் துடுப்பு வலித்தது யார் என்று கேட்டால் பாதிக்கு மேல் விளங்கிவிடும்.

ஸ்பார்ட்டா தெற்கு கிரேக்கத்தில் எவ்ரோட்டாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருந்தது. நிலம் போதாமல் போனபோது மற்ற கிரேக்க நகரங்கள் கடல் கடந்து சிசிலியிலும் கருங்கடல் கரையிலும் போய்க் குடியேறின. ஸ்பார்ட்டா பெரும்பாலும் அந்த வழியில் போகவில்லை. கி.மு. 8, 7ஆம் நூற்றாண்டுகளில் மேற்கே டெய்கெட்டஸ் மலையைத் தாண்டிப் போய் மெசேனியாவைப் பிடித்தது. கிரேக்கத்தின் மிகச் செழிப்பான விளைநிலங்களில் ஒன்று அது. அங்கிருந்த மக்களை விரட்டாமல், அவர்கள் நிலத்திலேயே அவர்களை அடிமைகளாக்கி உழ வைத்தது. விளைச்சலில் பாதியை எசமானருக்குச் சுமந்துகொண்டு போனார்கள் என்று ஸ்பார்ட்டாவின் பழைய கவிஞர் டைர்ட்டேயஸின் வரிகளிலிருந்து தெரிகிறது.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். ஏதென்ஸில் இருந்த அடிமைகள் பெரும்பாலும் சந்தையில் வாங்கப்பட்டவர்கள். ஒருவர் திரேஸிலிருந்து வந்திருப்பார், இன்னொருவர் சின்ன ஆசியாவிலிருந்து. ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாது. மெசேனிய ஹெலட்டுகள் அப்படியல்ல. அவர்கள் கிரேக்கர்கள். சொந்த ஊரில், குடும்பமாக, பரம்பரை பரம்பரையாக வாழ்ந்தவர்கள். தங்கள் பாட்டன் முப்பாட்டன் யார், நிலம் யாருடையது என்று தெரிந்தவர்கள். கூடிப் பேசினால் கலகம் செய்யக்கூடியவர்கள், செய்தும் காட்டியவர்கள். எண்ணிக்கையோ இன்னும் பயங்கரம். கி.மு. 479இல் பிளாட்டேயா போர்க்களத்துக்கு 5,000 ஸ்பார்ட்டக் குடிமக்கள் போனார்கள், ஒவ்வொருவருடனும் ஏழு ஹெலட்டுகள் வீதம் 35,000 பேர் போனார்கள் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். ஊரில் எத்தனைக்கு எத்தனை இருந்தார்கள் என்பதை இது அப்படியே காட்டாது. ஆனாலும் ஒரு ஸ்பார்ட்டன் வயலுக்குப் போய் நின்றால் அவன் கண்ணுக்கு என்ன தெரிந்திருக்கும் என்பது புரிகிறது.

ஸ்பார்ட்டாவின் புகழ்பெற்ற கட்டுப்பாடு இந்தப் பயத்திலிருந்து பிறந்தது என்பதே என் கருத்து. ஏழு வயதில் பையனைத் தாயிடமிருந்து பிரித்து அரசுப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். செருப்பில்லாமல், ஒரே மேலாடையோடு, அரைவயிற்றுச் சாப்பாட்டோடு வளர்த்தார்கள். திருடித் தின்னலாம், மாட்டிக்கொண்டால் அடி விழும். தேர்ந்தெடுத்த இளைஞர்களைக் கிரிப்ட்டியா என்ற பெயரில் குத்துவாளோடு நாட்டுப்புறத்துக்கு அனுப்பினார்கள். பகலில் ஒளிந்திருந்து இரவில் வெளியே வந்து, கையில் சிக்கிய ஹெலட்டுகளை, அதிலும் திடகாத்திரமானவர்களைப் பார்த்துக் கொல்வது அவர்கள் வேலை. குடிமகன் தொழில் செய்யக்கூடாது, வியாபாரம் செய்யக்கூடாது. அந்த வேலைகளைச் சுற்றுப்புற ஊர்களில் இருந்த பெரியோய்க்குகள் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் அடிமைகள் அல்லர். போருக்கும் வர வேண்டும். ஆனால் ஸ்பார்ட்டாவின் முடிவுகளில் அவர்களுக்கு வாய் கிடையாது. குடிமகனுக்கு இருந்த ஒரே தொழில் ஆயுதம்.

வளர்ந்த ஆண்கள் ஒவ்வொருவரும் ஒரு கூட்டுப் பந்தியில் உறுப்பினராக இருக்க வேண்டும். ராத்திரிச் சாப்பாடு அங்கேதான். மாதா மாதம் பார்லி, திராட்சை மது, பாலாடைக்கட்டி, அத்திப்பழம் என்று தன் பங்கைக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். இதைக் கேட்டதும் ஏதோ சமத்துவபுரம் மாதிரி தோன்றும். குடிமக்கள் தங்களை ‘ஹொமோயோய்’, அதாவது சமமானவர்கள் என்றுதான் அழைத்துக்கொண்டார்கள். சரி, பங்கைக் கட்ட முடியாதவன் என்ன ஆவான்? பந்தியிலிருந்து விலக வேண்டும். பந்தியை விட்டால் குடியுரிமையும் போய்விடும். மேலே ஏறி வர வழி மிகவும் அரிது. இந்தச் சின்ன விதிதான் பின்னால் ஸ்பார்ட்டாவை உள்ளுக்குள்ளேயே அரித்தது. அதற்குப் பிறகு வருவோம்.

ஆட்சி அமைப்பு விசித்திரமான கலவை. ஒரே நேரத்தில் இரண்டு அரசர்கள், இரண்டு அரச குடும்பங்களிலிருந்து. போர்க்களத்தில் படைத்தலைமை அவர்களுடையது. பந்தியில் இரட்டைப் பங்கு சாப்பாடு அவர்களுக்கு. அவர்களோடு 60 வயது தாண்டிய 28 முதியவர்கள் சேர்ந்தால் 30 பேர் கொண்ட கெரூசியா. ஆயுள் பதவி. இந்த முதியவர்களைத் தேர்ந்தெடுக்கும் முறையைப் படித்தால் சிரிப்பு வரும். வேட்பாளர்கள் ஒவ்வொருவராகக் கூட்டத்தின் முன் நடந்து போவார்கள். பக்கத்தில் ஒரு கட்டடத்துக்குள் சிலரை அடைத்துவைத்திருப்பார்கள். அவர்களுக்கு வேட்பாளர் தெரியமாட்டார், சத்தம் மட்டும் கேட்கும். யாருக்குச் சத்தம் பெரிதோ அவர் வென்றார். சிறுபிள்ளைத்தனம் என்று அரிஸ்டாட்டில் இதைச் சாடினார்.

உண்மையான அன்றாட அதிகாரம் எஃபோர்களிடம் இருந்தது. ஓராண்டுப் பதவிதான். ஆனாலும் அரசர் வரும்போது எழுந்து நிற்க வேண்டாத ஒரே ஆட்கள் அவர்கள். அரசர் போருக்குப் போனால் இரண்டு எஃபோர்கள் கூடவே போய்க் கண்காணித்தார்கள். மாதம் ஒருமுறை அரசரும் எஃபோர்களும் ஒருவருக்கொருவர் சத்தியம் செய்துகொண்டார்கள்: சட்டப்படி ஆள்கிறேன் என்று அரசர், அப்படி ஆண்டால் அரச பதவியை அசைக்காமல் காப்போம் என்று எஃபோர்கள். மக்கள் மன்றமும் இருந்தது. அதில் சாதாரணக் குடிமகன் எழுந்து விவாதம் செய்வது வழக்கமில்லை. முன்வைத்ததை ஏற்பதோ மறுப்பதோதான், அதுவும் கூச்சலால். கி.மு. 432இல் ஏதென்ஸ் மீது போர் தொடுப்பதா என்ற கேள்வி வந்தபோது, ஸ்தெனலைதாஸ் என்ற எஃபோர், எந்தப் பக்கம் கூச்சல் பெரிது என்று தெரியவில்லை எனச் சொல்லி, போர் வேண்டும் என்பவர்கள் இந்தப் பக்கம், வேண்டாம் என்பவர்கள் அந்தப் பக்கம் எழுந்து போய் நில்லுங்கள் என்றார். சத்தம் கேட்காமல் இல்லை. தைரியமிருந்தால் போர் வேண்டாம் என்று எல்லோர் கண்முன்னே போய் நில்லுங்கள் பார்ப்போம் என்பதுதான் அவர் கணக்கு. பெரும்பான்மை போர்ப் பக்கம் போனது.

ஸ்பார்ட்டாவைப் பற்றி நாம் படிப்பதில் பெரும்பகுதி வெளியூர்க்காரர்கள் எழுதியது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். எழுத்தாளர் ஸெனபோன் ஏதென்ஸில் பிறந்து ஸ்பார்ட்டாவின் தயவில் வாழ்ந்தவர். அவர் பேனாவில் பாசம் வழியும். புளூட்டார்க் எழுதியது ரோமப் பேரரசுக் காலத்தில், இந்தச் சம்பவங்களுக்கு அரை ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு. தன் ஊரைப் பற்றி ஸ்பார்ட்டன் எழுதிய வரலாறு ஒன்றும் நம் கைக்கு வரவில்லை. ஏதென்ஸில் இருந்துகொண்டு ஸ்பார்ட்டாவைப் புகழலாம், ஸ்பார்ட்டாவில் இருந்துகொண்டு வேறு எந்த ஊரையும் புகழ முடியாது என்று ஏதென்ஸின் பேச்சாளர் டெமாஸ்தனிஸ் பிற்காலத்தில் ஒரு வழக்கில் குத்திக்காட்டினார். ஸ்பார்ட்டாவைப் பற்றிய கதைகளில் மிகையைக் கழித்துக்கொண்டுதான் படிக்க வேண்டும்.

ஏதென்ஸிலும் தொடக்கத்தில் கதை இப்படித்தான் போயிருக்கக்கூடும். கி.மு. 7ஆம் நூற்றாண்டின் முடிவில் அங்கேயும் ஏழை விவசாயிகள் கடனில் மூழ்கி, நிலத்தை இழந்து, கடைசியில் தங்களையே அடகு வைத்து அடிமைகளாகிக்கொண்டிருந்தார்கள். கி.மு. 594இல் அதிகாரத்துக்கு வந்த சோலோன் பழைய கடன்களைத் தள்ளுபடி செய்தார், கடனுக்காக ஆளை அடிமையாக்குவதைத் தடைசெய்தார். இது சின்ன விஷயமாகத் தெரியலாம். இதனால் ஏதென்ஸின் ஏழை, ஹெலட் ஆகாமல் தப்பினான். அதே சமயம் பணக்காரர்களின் வேலைக்கு ஆள் வேண்டுமே? வெளியிலிருந்து வாங்கினார்கள். உள்ளூர் ஏழைக்குக் கிடைத்த விடுதலையும் வெளியூர் அடிமை வியாபாரமும் சேர்ந்தே வளர்ந்தன.

நடுவில் பெய்சிஸ்ட்ராட்டஸ் குடும்பத்தின் தனி ஆட்சி வந்தது. கி.மு. 510இல் அந்தக் குடும்பத்தை விரட்ட உதவியது யார் தெரியுமா? ஸ்பார்ட்டாவின் அரசர் கிளியோமெனிஸ்தான். அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் ஏதென்ஸ் தலைவர் கிளெய்ஸ்தெனிஸ் கொண்டுவந்த சீர்திருத்தத்தை அதே கிளியோமெனிஸ் வந்து கலைக்கப் பார்த்தார். ஏதென்ஸ் மக்கள் அவரை அக்ரோபோலிஸ் என்ற கோட்டைக் குன்றில் முற்றுகையிட்டு ஊரை விட்டே வெளியேற்றினார்கள். கிளெய்ஸ்தெனிஸின் திட்டம் நுணுக்கமானது. ஏதென்ஸும் அதைச் சுற்றிய நாட்டுப்புறமும் சேர்ந்த அட்டிக்கா முழுவதையும் 139 ஊர்ப் பிரிவுகளாக வைத்து, கடற்கரை, நகரம், உள்நாடு என்ற மூன்று வட்டாரங்களிலிருந்தும் கலந்து எடுத்துப் பத்துக் குலங்களை உண்டாக்கினார். எந்தப் பெரிய குடும்பமும் தன் வட்டாரத்து ஆட்களை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு குலத்தை ஆட்டிப்படைக்க முடியாமல் போனது. ஒவ்வொரு குலத்திலிருந்தும் 50 பேர் என 500 பேர் சபை.

அந்த 500 பேரும் குலுக்கலில் வந்தவர்கள். வாழ்நாளில் இரண்டு முறைக்கு மேல் உறுப்பினராக முடியாது. ஆண்டைப் பத்தாகப் பிரித்து ஒவ்வொரு குலத்தின் 50 பேரும் முறைவைத்து நிர்வாகத்தைப் பார்த்தார்கள். அந்த ஐம்பதில் ஒருவர் ஒரு பகல், ஓர் இரவு மட்டும் தலைவர். கருவூலச் சாவியும் அரசு முத்திரையும் அன்று அவரிடம் இருக்கும். மறுநாள் வேறொருவர். ஒருமுறை இருந்தவர் மறுபடியும் வர முடியாது. இப்படிக் கணக்குப் பார்த்தால், ஏதோ ஒரு நாள் ஏதென்ஸின் தலைவராக இருந்தேன் என்று பேரனிடம் சொல்லக்கூடிய கிழவர்கள் அந்த ஊரில் ஏராளமாக இருந்திருப்பார்கள். நீதிமன்றத்துக்கும் குலுக்கல்தான். 4ஆம் நூற்றாண்டில் துளைகள் வரிசையாகப் போட்ட கல்பலகையில் ஒவ்வொருவரின் பெயர்த்தகட்டையும் செருகி, பக்கத்துக் குழாயில் கறுப்பு, வெள்ளை உருண்டைகளை விட்டு அன்றைய நடுவர்களைத் தீர்மானித்தார்கள். அந்த வெண்கலப் பெயர்த்தகடுகள் பலவற்றைக் கல்லறைகளில் கண்டெடுத்திருக்கிறார்கள். செத்தவனோடு புதைக்கும் அளவுக்கு அது மதிப்பான பொருளாக இருந்திருக்கிறது.

படைத் தளபதிகள் பத்துப் பேரை மட்டும் குலுக்கலில் விடவில்லை. வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள், திரும்பத் திரும்பவும் தேர்ந்தெடுக்கலாம். ஏதென்ஸின் புகழ்பெற்ற தலைவர் பெரிக்ளிஸ் தொடர்ந்து 15 ஆண்டுகள் வென்றது இந்த வழியில்தான். பதவி முடிந்ததும் ஒவ்வொருவரும் கணக்குக் காட்ட வேண்டும். யாராவது அளவுக்கு மீறி வளர்கிறார் என்று தோன்றினால் ஓட்டாஞ்சில்லில் அவர் பெயரைக் கீறிப் போட்டுப் பத்து ஆண்டுகள் ஊரை விட்டு அனுப்பலாம். இதிலும் தில்லுமுல்லு இல்லாமல் இல்லை. அக்ரோபோலிஸின் வடசரிவில் ஒரு கிணற்றில் தெமிஸ்டோக்ளிஸ் என்ற தலைவரின் பெயர் எழுதிய 190 சில்லுகள் கிடைத்தன. எல்லாவற்றையும் எழுதியது 14 கைகள்தான். யாரோ கட்சிகட்டிக்கொண்டு உட்கார்ந்து முன்கூட்டியே எழுதித் தயாராக வைத்திருக்கிறார்கள்.

ஆனால் கிளெய்ஸ்தெனிஸ் காலத்து ஏதென்ஸ் இன்னும் முழு ஜனநாயகம் ஆகிவிடவில்லை. கவசம் வாங்க வசதியுள்ள விவசாயிதான் அங்கே எடையுள்ள ஆள். அதை மாற்றியது கப்பல். கி.மு. 483இல் அட்டிக்காவின் லாரியன் சுரங்கத்தில் வெள்ளி மிகுதியாகக் கிடைத்தபோது, அதை ஆளுக்குக் கொஞ்சம் பங்கிட்டுக்கொள்ளலாம் என்ற யோசனையைத் தடுத்து, ட்ரைரீம் என்னும் போர்க்கப்பல்கள் கட்ட வைத்தார் தெமிஸ்டோக்ளிஸ். ஒரு ட்ரைரீமுக்கு 170 பேர் துடுப்பு வலிக்க வேண்டும். கவசம் வேண்டாம், குதிரை வேண்டாம். தோளும் முதுகும் இருந்தால் போதும். நிலமில்லாத, கூலிக்குப் போகிற ‘தீட்டெஸ்’ என்ற அடித்தட்டு வகுப்பு கப்பலில் ஏறியது. கி.மு. 480இல் சலாமிஸில் பாரசீகக் கடற்படையை முறியடித்த கைகளில் அவர்கள் கைகள் இருந்தன. அதற்குப் பிறகு அவர்களிடம் போய் நீ வாயை மூடு என்று சொல்ல முடியுமா?

ஜனநாயகத்தை அடியோடு வெறுத்த ஓர் ஏதென்ஸ்காரர், பெயர் தெரியாதவர், எழுதிய சிறுநூல் ஒன்று நமக்குக் கிடைத்திருக்கிறது. அவரே முணுமுணுத்துக்கொண்டு இதை ஒப்புக்கொள்கிறார்: கப்பலை ஓட்டுவதும் ஊருக்குப் பலம் கொடுப்பதும் ஏழைகள்தான், அதனால் அவர்களுக்கு அதிகப் பங்கு கிடைப்பது நியாயமாகத்தான் தெரிகிறது என்று. எதிராளி வாயிலிருந்து வருவதால் எனக்கு இதைவிட நல்ல சாட்சி தெரியவில்லை. அதே ஆள் இன்னொரு குறையும் சொல்கிறார். ஏதென்ஸில் தெருவில் போகிற அடிமையை அடிக்க முடியாதாம். உடையைப் பார்த்து யார் அடிமை, யார் குடிமகன் என்று தெரிவதில்லையாம், அடித்தால் குடிமகனாக இருந்து தொலைப்பானாம்.

இரண்டு ஊர்களின் உறவு முறிந்த விதத்திலும் இதே விவகாரம்தான் தலைகாட்டியது. கி.மு. 464 வாக்கில் ஸ்பார்ட்டாவில் பெரிய நிலநடுக்கம் வந்தது. ஹெலட்டுகள் கிளர்ந்தெழுந்து மெசேனியாவின் இத்தோமே மலையில் ஏறிக்கொண்டார்கள். ஸ்பார்ட்டா கூட்டாளிகளிடம் உதவி கேட்டது. ஸ்பார்ட்டாவின் நண்பரான கிமோன் ஏதென்ஸிலிருந்து படையோடு போனார். போன இடத்தில் ஸ்பார்ட்டாக்காரர்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இந்த ஏதென்ஸ்காரர்கள் புதுமைப் பித்தர்கள், ஹெலட்டுகளோடு சேர்ந்துகொண்டாலும் சேர்ந்துகொள்வார்கள் என்று பயந்து, கூட்டாளிகளில் அவர்களை மட்டும் திருப்பி அனுப்பினார்கள். அவமானத்தோடு ஊர் திரும்பிய கிமோனை ஏதென்ஸ் ஓட்டாஞ்சில்லு போட்டு வெளியேற்றியது. அதே ஆண்டுகளில் எஃபியால்டிஸ் பழைய பிரபுக்களின் அரியோபாகஸ் சபையிடமிருந்து பெரும்பாலான அதிகாரங்களைப் பிடுங்கி மக்கள் மன்றத்துக்கும் நீதிமன்றங்களுக்கும் கொடுத்தார். பின்னர் பெரிக்ளிஸ் நடுவர்களுக்குத் தினக்கூலி கொடுக்க ஏற்பாடு செய்தார். ஒரு நாள் வேலையை விட்டால் அடுப்பு எரியாது என்ற நிலையில் இருந்தவனும் வந்து தீர்ப்புச் சொல்ல முடிந்தது.

அந்தப் பணத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. பாரசீகத்துக்கு எதிராக அமைத்த டெலோஸ் கூட்டணியின் கருவூலத்தைக் கி.மு. 454இல் ஏதென்ஸ் தன் ஊருக்கே கொண்டுவந்தது. கூட்டாளிகள் கட்டியது கப்பமாக மாறியது. விலக நினைத்த நாக்ஸோஸ், தாஸோஸ் போன்ற தீவுகளை அடித்துப் பணியவைத்தார்கள். வீட்டுக்குள் ஜனநாயகம், வீட்டுக்கு வெளியே ஏகாதிபத்தியம். ஸ்பார்ட்டா போருக்குப் போகும்போது கிரேக்கர்களுக்கு விடுதலை வாங்கித்தருகிறோம் என்று கோஷம் போட்டதையும், அதைப் பல கிரேக்கர்கள் நம்பியதையும் மறக்கக்கூடாது. ஹெலட்டுகளை வைத்திருந்தவர்கள் விடுதலைக் கொடி பிடித்தார்கள் என்பது வரலாற்றின் குசும்பு.

ஏதென்ஸ் யாரை உள்ளே விட்டது என்பதும் நெருக்கடியான கேள்வி. கி.மு. 451இல் பெரிக்ளிஸ் கொண்டுவந்த சட்டப்படி, தாய் தந்தை இருவருமே ஏதென்ஸ்காரர்களாக இருந்தால்தான் குடியுரிமை. மெட்டிக்குகள் எனப்பட்ட வெளியூரிலிருந்து வந்து தங்கியவர்கள் தலைமுறைகள் கடந்தாலும் வெளியாட்களே. ஆணுக்கு ஆண்டுக்கு 12 திராக்மா, தனியாக வாழும் பெண்ணுக்கு 6 திராக்மா தலைவரி. போருக்கும் போக வேண்டும், நிலம் வாங்க முடியாது. அரிஸ்டாட்டிலே ஏதென்ஸில் மெட்டிக்தான். ஜனநாயகத்தைப் பற்றி அவ்வளவு எழுதியவர் அங்கே ஒரு வாக்குகூடப் போட்டதில்லை. அடிமைகளின் நிலை இன்னும் கீழே. லாரியன் சுரங்கங்களில் மண்ணுக்கடியில் குனிந்தே வேலை செய்தவர்களின் வெள்ளியில்தான் அந்தக் கப்பல்கள் மிதந்தன. தளபதி நிக்கியாஸ் ஆயிரம் அடிமைகளை ஆளுக்கு ஒரு நாளைக்கு ஓர் ஒபோல் என்ற சின்ன நாணயம் வீதம் சுரங்கத்துக்கு வாடகைக்கு விட்டிருந்தார்.

பெண்கள் விஷயத்தில் தராசு மறுபக்கம் சாய்கிறது. ஏதென்ஸில் நல்ல குடும்பத்துப் பெண் என்றால் வீட்டோடு இருக்க வேண்டும். தந்தை, கணவன், மகன் என்று யாராவது ஒரு ஆண் அவளுக்குப் பொறுப்பாளர். ஒரு மெடிம்னோஸ் (தானிய அளவை) பார்லி மதிப்புக்கு மேல் அவள் தானாகக் கொடுக்கல் வாங்கல் செய்ய முடியாது. கோயில் பூசாரிணியாகவும் திருவிழாக்களிலும் மட்டும் அவளுக்குப் பொதுவெளியில் மரியாதையான இடம் இருந்தது. ஸ்பார்ட்டாவில் பெண் குழந்தைகளும் ஓட்டம், மல்யுத்தம் என்று உடற்பயிற்சி செய்தார்கள். கொஞ்சம் வயது வந்தபிறகே கல்யாணம். கணவன்மார் பந்தியிலும் பாசறையிலும் கிடக்க, சொத்து அவர்கள் கையில் இருந்தது. நாட்டு நிலத்தில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு பெண்களுடையது என்று அரிஸ்டாட்டில் எரிச்சலோடு எழுதுகிறார். அரசர் அகெசிலாஸின் சகோதரி கினிஸ்கா வளர்த்த குதிரைகள் கி.மு. 396இலும் 392இலும் ஒலிம்பியாவில் தேர்ப்பந்தயத்தை வென்றன. போட்டி மைதானத்துக்குள் அவர் நுழைந்திருக்க முடியாது; ஆனால் பரிசு குதிரையின் சொந்தக்காரருக்குத்தான் சேரும். இருந்தாலும் ஸ்பார்ட்டாவைப் பெண்ணுரிமை பூமியாக்கிவிட வேண்டாம். வாக்கு அங்கேயும் கிடையாது. திடமான தாய்தான் திடமான சிப்பாயைப் பெறுவாள் என்பது அவர்கள் கணக்கு. அப்புறம், அந்தப் பெண்களுக்கு நூல் நூற்கவும் நெசவு செய்யவும் வேண்டியிராததற்குக் காரணம், அதை ஹெலட் பெண்கள் செய்தார்கள்.

கி.மு. 431இல் இரண்டு ஊர்களுக்கும் இடையே தொடங்கிய பெலோபொனேசியப் போரை மதிலும் கப்பலும் காலாட்படையும் மோதிய கதையாகத்தான் சொல்வார்கள். எனக்கு அதில் மிகவும் சுவாரசியமாகப் படுவது வேறு. இரண்டு தரப்பும் எதிராளியின் வேலைக்காரர்களைக் குறிவைத்தன. கி.மு. 425இல் ஏதென்ஸ் மெசேனியாக் கரையில் பைலோஸைப் பிடித்துக் கோட்டை கட்டி, பழைய கலகத்துக்குப் பின் நாடு கடந்து வாழ்ந்த மெசேனியர்களை அங்கே காவல் வைத்தது. ஹெலட்டுகள் அங்கே ஓடிவரத் தொடங்கினார்கள். பக்கத்து ஸ்பாக்டீரியா தீவில் 292 வீரர்கள் ஏதென்ஸிடம் உயிரோடு சிக்கினார்கள். அவர்களில் முழுக் குடிமக்கள் ஏறக்குறைய 120 பேர். அந்த 120 பேருக்காக ஸ்பார்ட்டா அட்டிக்கா மீது படையெடுப்பதையே நிறுத்திக்கொண்டது, திரும்பத் திரும்பத் தூது அனுப்பியது. வேறு எந்தப் பெரிய அரசாவது 120 பேருக்காக இப்படித் தவித்திருக்குமா? அவ்வளவு குறைவாக இருந்தார்கள்.

இந்தக் காலத்தில்தான் வரலாற்றாசிரியர் துசிடிடிஸ் சொல்லும் அந்தச் சம்பவம் நடந்தது. போரில் யார் சிறப்பாக உழைத்ததாக நினைக்கிறீர்களோ முன்வாருங்கள், விடுதலை தருகிறோம் என்று ஹெலட்டுகளிடம் ஸ்பார்ட்டா அறிவித்தது. சுமார் 2,000 பேர் தேர்வானார்கள். தலையில் மாலை சூடிக் கோயில்களைச் சுற்றி வந்தார்கள். அதற்குப் பிறகு அவர்களைக் காணவில்லை. ஒவ்வொருவரும் எப்படிச் செத்தார் என்று யாருக்கும் தெரியவில்லை. முன்வரத் துணிந்தவன்தான் நாளை கலகத்துக்கும் முன்வருவான் என்று எண்ணியிருக்கிறார்கள். அதே ஸ்பார்ட்டா 700 ஹெலட்டுகளுக்கு ஆயுதம் கொடுத்துத் தளபதி பிராஸிடாஸோடு வடக்கே அனுப்பி, திரும்பி வந்ததும் அவர்களை விடுவிக்கவும் செய்தது. ஆள் பற்றாக்குறை வந்துவிட்டால் கொல்வதா கூட்டிக்கொள்வதா என்ற தடுமாற்றம் வந்துவிடுகிறது. கி.மு. 421இல் இரு ஊர்களும் போட்டுக்கொண்ட உடன்படிக்கையில் ஒரு நிபந்தனை: அடிமைகள் கலகம் செய்தால் ஏதென்ஸ் தன் முழுப் பலத்தோடு ஸ்பார்ட்டாவுக்கு உதவ வேண்டும். ஏதென்ஸ் தனக்கென்று அப்படி ஒரு வரியைக் கேட்டு வாங்கவில்லை.

கேட்டிருக்கலாம். போர் மறுபடி மூண்டபோது, கி.மு. 413இல் ஸ்பார்ட்டாவின் அரசர் அகிஸ் அட்டிக்காவுக்குள்ளேயே டெக்கலேயாவைப் பிடித்து நிரந்தரமாக உட்கார்ந்துகொண்டார். 20,000க்கும் மேற்பட்ட அடிமைகள் ஏதென்ஸை விட்டு ஓடினார்கள். அவர்களில் பெரும்பகுதி கைத்தொழில் தெரிந்தவர்கள். ஆனால் ஏதென்ஸுக்கு நெருக்கடி முற்றியபோது அது எடுத்த வழி வேறு. கி.மு. 406இல் ஆர்கினூசே சண்டைக்குக் கப்பலில் ஆள் போதாமல் அடிமைகளையும் துடுப்பில் உட்கார வைத்தார்கள்; வென்றதும் அவர்களுக்கு விடுதலையும் குடியுரிமையும் கொடுத்தார்கள். துடுப்பு வலித்தவனுக்குப் பங்கு என்ற தர்க்கம் அங்கே வரை போனது. அதே சண்டை முடிந்ததும் அதே மக்கள் மன்றம், மூழ்கியவர்களைப் புயலில் மீட்கவில்லை என்ற கோபத்தில், வென்ற தளபதிகள் எட்டுப் பேருக்கும் ஒட்டுமொத்தமாக மரண தண்டனை விதித்தது. ஊர் திரும்பியிருந்த ஆறு பேர் கொல்லப்பட்டார்கள். இது சட்டவிரோதம் என்று அன்று சபை முறையில் இருந்த சாக்ரடீஸ் சொன்னது எடுபடவில்லை. கொஞ்ச நாளில் மன்றமே வருந்தியது. கி.மு. 427இல் மிட்டிலீனி நகரத்து ஆண்களை எல்லாம் கொல்ல உத்தரவிட்டு, மறுநாள் மனம் மாறி, முதல் கப்பலைப் பிடிக்க இரண்டாவது கப்பலை விரட்டியதும் இதே மன்றம்தான். அன்று தப்பித்தது மிட்டிலீனி, கி.மு. 416இல் மெலோஸ் தீவுக்கு அந்த இரண்டாவது கப்பல் வரவில்லை.

போரில் ஸ்பார்ட்டா வென்றது, பாரசீகப் பணத்தில் கட்டிய கப்பற்படையால். கி.மு. 404இல் ஏதென்ஸின் நீண்ட மதில்களைக் குழல் இசையோடு இடித்தார்கள். ஸ்பார்ட்டாவின் ஆதரவோடு முப்பது பேர் ஆட்சி வந்து சுமார் 1,500 பேரைக் கொன்றது. ஆனால் அடுத்த ஆண்டே ஜனநாயகம் திரும்பியது. பழையதைக் கிளறமாட்டோம் என்று பொது மன்னிப்புச் சத்தியம் செய்து, பெரும்பாலும் காப்பாற்றவும் செய்தது. வென்றவர்கள் நிலைதான் மோசமானது. வெளியிலிருந்து செல்வம் வந்து கொட்டியது, நிலம் சிலர் கையில் குவிந்தது, பந்திப் பங்கைக் கட்ட முடியாமல் குடியுரிமை இழந்தவர்கள் பெருகினார்கள். அப்படித் தாழ்ந்தவர்களில் ஒருவரான கினடோன் கி.மு. 398 வாக்கில் சதி செய்தார். தன் கூட்டாளி ஒருவரைச் சந்தை மைதானத்துக்குக் கூட்டிப்போய் எண்ணிப் பார்க்கச் சொன்னாராம். முழுக் குடிமக்கள் சுமார் 40 பேர். மற்றவர்கள் 4,000க்கும் மேல். இந்த நாற்பதுதான் எதிரிகள், மற்றவர்கள் எல்லாம் நம் ஆட்கள், இவர்களைப் பச்சையாகத் தின்னக்கூடத் தயார் என்றாராம். பிடிபட்டபின், ஏன் செய்தாய் என்று கேட்டதற்கு, ஸ்பார்ட்டாவில் யாருக்கும் தாழ்ந்தவனாக இருக்க விரும்பவில்லை என்று பதில் சொன்னார்.

கி.மு. 371இல் லியூக்ட்ராவில் இன்னொரு கிரேக்க நகரமான தீப்ஸின் படை ஸ்பார்ட்டாவை முறியடித்தது. அங்கே இருந்த 700 ஸ்பார்ட்டக் குடிமக்களில் 400 பேர் செத்தார்கள். ஒரு சண்டையில் 400 பேர் சாவது மற்ற ஊர்களுக்கு இழப்பு. ஸ்பார்ட்டாவுக்கு அது குடிமக்களில் பெரிய பங்கு. ஒரே அடியைக்கூடத் தாங்க முடியாமல் ஆள் பற்றாக்குறையால் அழிந்தது என்று அரிஸ்டாட்டில் எழுதியது இதை வைத்துத்தான். கி.மு. 369இல் தீப்ஸின் எபாமினொண்டாஸ் மெசேனியாவை விடுவித்து, இத்தோமே மலையடியில் மெசேனே என்ற புதிய நகரத்தைக் கட்டிக்கொடுத்தார். அதன் மதில்கள் இன்றும் நிற்கின்றன. ஏர் பிடித்தவர்கள் போனதும் ஸ்பார்ட்டா இரண்டாம் தர ஊராகிவிட்டது.

ஏதென்ஸின் ஜனநாயகம் அதற்குப் பிறகும் அரை நூற்றாண்டு தாக்குப்பிடித்தது. அலெக்ஸாண்டர் இறந்ததும் மாசிடோனியாவுக்கு எதிராக எழுந்தது. கி.மு. 322இல் அமோர்கோஸ் தீவருகே அதன் கப்பற்படை தோற்றது, கிரானோனில் தரைப்படையும் பின்வாங்கியது. வென்ற மாசிடோனியத் தலைவர் அன்டிபேட்டர் விதித்த நிபந்தனைகளில் ஒன்று, 2,000 திராக்மாவுக்குக் குறைவாகச் சொத்துள்ளவனுக்கு வாக்கு இல்லை என்பது. வரம்புக்கு மேலே இருந்தவர்கள் 9,000 பேர். துடுப்பு வலித்த வகுப்பு ஏறக்குறைய முழுவதும் அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தது. போக விரும்புகிறவர்களுக்குத் திரேஸில் நிலம் தருகிறேன் என்றார் அன்டிபேட்டர். சிலர் போனார்கள், மற்றவர்கள் வாக்கில்லாமல் ஊரிலேயே தங்கினார்கள்.